ரூட்டுக்கு வரும் அஞ்சல் யாரைச் சேர வேண்டும்: அஞ்சல் வழங்கி மென்பொருளைப் பொதியாக்கி அமைக்கும் முறை

லினக்ஸ் கணினியில் குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கிரான் பணி தோல்வியுற்றாலும், பல வட்டுகளைச் சேர்த்தாளும் ரெய்டு தொகுதியில் ஒரு வட்டு பழுதடைந்தாலும், அச்செய்தி பெரும்பாலும் ரூட் என்னும் முதன்மை நிர்வாகப் பயனருக்கு ஒரு மின்னஞ்சலாகவே எழுதப்படுகிறது. அந்த அஞ்சல் எவரும் திறக்காத பெட்டியில் கிடக்குமா, பொறுப்பான ஒருவரின் கண்ணில் படுமா என்பதைத் தீர்மானிப்பது /இடிசி/அலையசஸ் என்னும் சிறிய உரைக்கோப்பு; இதுவே மாற்றுப்பெயர்க் கோப்பு. அஞ்சல் வழங்கி மென்பொருளை நிறுவத்தக்க தொகுப்பாக, அதாவது பொதியாக, ஆக்குபவருக்கும், அதை நிறுவி அமைக்கும் நிர்வாகிக்கும் சேர்த்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஏனெனில், இருவருமே கைவைக்கும் கோப்பு இது. சிக்கல்களும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. டெபியன் லினக்ஸ் குடும்பமும் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் வழங்கி மென்பொருளும் இங்கு முதன்மை எடுத்துக்காட்டுகள். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை வழக்கமான எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

தொடக்கத்திலேயே மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்று உண்டு. மாற்றுப்பெயர்க் கோப்பு எந்தப் பொதிக்கும் சொந்தமன்று. அது அந்தக் கணினிக்குச் சொந்தம். போஸ்ட்ஃபிக்ஸ் நீக்கப்பட்டு எக்ஸிம் என்னும் வேறோர் அஞ்சல் மென்பொருள் நிறுவப்பட்டாலும், நிர்வாகி எழுதிவைத்த வரிகள் அப்படியே இருக்க வேண்டும். கீழே வரும் பொதியாக்க நடைமுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன.

ஒரே இடத்திற்குப் பல மென்பொருள்கள்

எரிக் ஆல்மன் பெர்க்லியில் 1980களின் தொடக்கத்தில் எழுதிய சென்ட்மெயில் இன்று பெரும்பாலான கணினிகளில் இல்லை. ஆனால் அதன் கட்டளைப் பெயர் எஞ்சி நிற்கிறது. பிலிப் ஹேசல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய எக்ஸிமும், வீட்சா வெனமா எழுதி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸும் /யுஎஸ்ஆர்/எஸ்பின்/சென்ட்மெயில் என்னும் அதே பாதையில் ஒரு நிரலை வைக்கின்றன. அஞ்சல் அனுப்ப விரும்பும் பிற நிரல்கள், பின்னால் இருப்பது எந்த மென்பொருள் என்று அறியாமலேயே அப்பாதையை அழைக்கின்றன. எனவே ஒரு கணினியில் ஒரே நேரத்தில் ஒன்றுதான் அவ்விடத்தில் அமர முடியும்.

இதை டெபியன் பொதிகளின் கட்டுப்பாட்டுக் கோப்பு வழியாகத் தீர்க்கிறது. ஒவ்வோர் அஞ்சல் பொதியும் மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட் என்னும் மெய்நிகர் பொதியை (பல பொதிகள் பகிரும் பொதுப்பெயரை) புரொவைட்ஸ் (வழங்குவது), கான்ஃபிளிக்ட்ஸ் (முரண்படுவது), ரீபிளேசஸ் (இடம்பிடிப்பது) ஆகிய மூன்று புலங்களிலும் குறிப்பிட வேண்டும். தான் வழங்கும் பெயரோடு தானே முரண்படுவதாக அறிவிப்பது முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொதி தன்னோடு தான் முரண்படுவதில்லை என்பதால், அதே பெயரை வழங்கும் பிற பொதிகள் மட்டுமே வெளியேற்றப்படுகின்றன. ஃபெடோரா ஒன்றுக்கு மேற்பட்ட அஞ்சல் பொதிகளை நிறுவ அனுமதித்து, ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் எது நடப்பில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் செய்கிறது. ஃபிரீபிஎஸ்டியில் மெயில்ராப்பர் என்னும் இடைநிரல், மெயிலர்.கான்ஃப் கோப்பைப் படித்து உரிய நிரலை அழைக்கிறது.

அஞ்சல் அனுப்பும் தேவையுள்ள வேறொரு பொதியை நீங்கள் உருவாக்கினால், சார்புப் புலத்தில் டிஃபால்ட்-எம்டிஏ என்பதை முதலிலும், மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட் என்பதை மாற்றாகவும் எழுதுங்கள். டெபியனில் டிஃபால்ட்-எம்டிஏ எக்ஸிமையும், உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸையும் கொண்டுவரும். மெய்நிகர் பெயரை மட்டும் எழுதினால், எந்த மென்பொருள் வந்து சேரும் என்பது உறுதியாக இராது. அஞ்சல் இல்லாமலும் உங்கள் நிரல் இயங்குமெனில், கட்டாயச் சார்பாக வைக்காமல் பரிந்துரையாக வைப்பதே முறை. ஓர் அறிக்கை அனுப்புவதற்காக ஒருவரின் கணினியில் முழு அஞ்சல் வழங்கியைத் திணிப்பது நியாயமன்று.

நிறுவலுக்குப் பின் இயங்கும் நிரல் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

டெபியனில் பொதியோடு வரும் அமைப்புக் கோப்புகளைக் கான்ஃபைல் என்று அறிவித்தால், மேம்படுத்தலின்போது நிர்வாகியின் மாற்றங்களைப் பொதி நிறுவும் கருவியான டிபிகேஜி தானே பாதுகாக்கும். ஆனால் மாற்றுப்பெயர்க் கோப்பை அவ்வாறு அறிவிக்கக் கூடாது. அதில் பல பொதிகளின் நிரல்களும் நிர்வாகியும் வரி சேர்ப்பதால், அதை ஒரே பொதியின் உடைமையாக்கினால் ஒவ்வொரு மேம்படுத்தலிலும் தேவையற்ற கேள்விகள் எழும். ஒரே கோப்பைக் கான்ஃபைலாக அறிவித்துவிட்டுப் பராமரிப்பு நிரலாலும் மாற்றுவதைப் பொதியாக்க விதித்தொகுப்பான டெபியன் கொள்கை நேரடியாகவே தடுக்கிறது. ஃபெடோரா இக்கோப்பை அஞ்சல் பொதி எதிலும் வைக்காமல், செட்அப் என்னும் அடிப்படைப் பொதியில் வைத்திருப்பதும் இதே சிந்தனையின் விளைவுதான்.

ஆகவே நிறுவலுக்குப் பின் இயங்கும் போஸ்ட்இன்ஸ்ட் நிரல் முதலில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், போஸ்ட்மாஸ்டரை ரூட்டுக்குத் திருப்பும் ஒற்றை வரியோடு 0644 அனுமதியில் (உரிமையாளர் எழுதலாம், அனைவரும் படிக்கலாம்) அதை உருவாக்கலாம். கோப்பு ஏற்கெனவே இருந்து, உங்கள் பொதிக்குத் தேவையான பெயர் மட்டும் இல்லையெனில், அந்த ஒரு வரியைக் கடைசியில் சேர்க்கலாம். பெயரைத் தேடும்போது வரியின் தொடக்கத்திலிருந்தே ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதீர்கள். முக்காற்புள்ளிக்கு முன் இடைவெளி இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இவ்வளவும் செய்யாத ஒரு நிரல் மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதே வரியை மீண்டும் சேர்த்துக்கொண்டே போகும். போஸ்ட்இன்ஸ்ட் எத்தனை முறை இயங்கினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது பராமரிப்பு நிரல்கள் அனைத்துக்கும் பொதுவான எதிர்பார்ப்பு.

கோப்பை நேரடியாகத் திறந்து திருத்துவதைக் காட்டிலும், அதே அடைவில் தற்காலிகக் கோப்பொன்றை எழுதி, உரிமையாளரையும் அனுமதியையும் ஒத்துவைத்து, பெயர் மாற்றி இடம்பெறச் செய்வது பாதுகாப்பானது. பின்னர் உரைக்கோப்பிலிருந்து தரவுத்தளக் கோப்பை உருவாக்கும் நியூஅலையசஸ் கட்டளையை இயக்க வேண்டும். டெபியன் கொள்கையின்படி ஒவ்வோர் அஞ்சல் பொதியும் இக்கட்டளையை, அது ஒன்றுமே செய்யாவிட்டாலும், கொண்டிருக்க வேண்டும். ஆயினும் பழைய பொதிகளில் அது இல்லாமலிருக்கலாம் என்பதால், கட்டளை கிடைக்காதபோது உங்கள் நிறுவல் தோல்வியடையாதபடி எழுதுவதும் அதே கொள்கையின் அறிவுறுத்தல்.

போஸ்ட்ஃபிக்ஸைப் பொதியாக்குபவர் வரிசை முறையிலும் கவனம் செலுத்த வேண்டும். தரவுத்தளக் கோப்பு உருவாகும் முன் சேவை தொடங்கிவிட்டால், உள்ளூர் அஞ்சல்கள் மாற்றுப்பெயர்த் தரவுத்தளம் கிடைக்கவில்லை என்ற குறிப்போடு வரிசையில் தங்கிவிடும். அவை தொலைவதில்லை என்றாலும், புதிதாக நிறுவியவர் முதல் அஞ்சலிலேயே குழப்பமடைவார்.

பொதியை முற்றிலும் நீக்கும்போது, அந்தப் பொதியே நிறுவிய அமைப்புக் கோப்புகளை அழிக்கலாம். மாற்றுப்பெயர்க் கோப்பை மட்டும் தொடக் கூடாது.

கேள்விகளும் இயல்பான விடைகளும்

டெபியனில் நிறுவலின்போது வினவும் கருவியான டெப்கான்ஃப் வழியாகக் கேட்கப்படும் கேள்விகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. போஸ்ட்ஃபிக்ஸ் பொதி அமைப்பு வகையை முதலில் கேட்கிறது: அமைப்பு வேண்டாம், இணையத் தளம், இடைவழங்கியோடு கூடிய இணையத் தளம், துணைக் கணினி, உள்ளூர் மட்டும். அடுத்து வருவது அஞ்சல் பெயர். இப்பெயர் /இடிசி/மெயில்நேம் கோப்பில் எழுதப்பட்டுப் பிற நிரல்களாலும் படிக்கப்படுகிறது. ஆதலால் இது இந்தப் பொதிக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கேள்வியின் வாசகமே தெளிவாகச் சொல்ல வேண்டும். கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள பெயரை மறுபேச்சின்றி எடுத்துக்கொள்ளலாம். அஞ்சல் வழங்கிப் பொதி மட்டும் விரும்பினால் மீண்டும் கேட்கலாம்.

டெப்கான்ஃப் சேமித்துள்ள விடைகளை உண்மையான அமைப்பாகக் கருதுவது பரவலான தவறு. நிர்வாகி போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப் என்பதைக் கையால் திருத்தியிருந்தால் அத்திருத்தமே உண்மை. கேள்வி கேட்கும் நிரல் முதலில் கோப்பிலுள்ள மதிப்பைப் படித்து, அதையே டெப்கான்ஃபில் இட்டு, அதன் பிறகே கேட்க வேண்டும். ஆளில்லாத நிறுவலில், கேள்விகள் காட்டப்படாத நிலையில், எந்த விடை இயல்பாகக் கொள்ளப்படுகிறது என்பதும் பாதுகாப்பைப் பாதிக்கும். வெளியுலகிலிருந்து அஞ்சலை ஏற்காமல், கணினிக்குள் மட்டும் கேட்கும் அமைப்பே இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வெளி அஞ்சலை ஏற்கும் தேவையுள்ளவர் அதைத் தாமே அறிந்து திறப்பார். தேவையற்றவரோ தம் கணினி திறந்திருப்பதை அறியாமலேயே இருப்பார். பல கணினிகளில் ஒரே அமைப்பை நிறுவுபவர்கள் டெப்கான்ஃப்-செட்-செலெக்ஷன்ஸ் கட்டளையால் விடைகளை முன்கூட்டியே ஏற்றிவிடலாம்.

மெயின்.சிஎஃப்: குறைவான வரிகளே போதும்

போஸ்ட்ஃபிக்ஸில் நூற்றுக்கணக்கான அளவுருக்கள் உள்ளன; பெரும்பாலானவற்றைத் தொட வேண்டியதில்லை. போஸ்ட்கான்ஃப் -என் என்னும் கட்டளை மெயின்.சிஎஃப் கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டவற்றை மட்டும் காட்டும். பிறர் அமைத்த வழங்கியைப் புரிந்துகொள்ள இதைவிடக் குறுகிய வழியில்லை. மாற்றுவதற்குப் போஸ்ட்கான்ஃப் -இ உதவும்.

மைஹோஸ்ட்நேம் என்பதில் கணினியின் முழுப் பெயரை எழுதுங்கள். மைடெஸ்டினேஷன் என்பது எந்த டொமைன்களுக்கான அஞ்சலை இக்கணினியே இறுதியாகப் பெற்றுக்கொள்ளும் என்பதைச் சொல்கிறது. மெய்நிகர் மாற்றுப்பெயர் டொமைனாக அறிவித்த ஒன்றை இங்கும் எழுதினால் பதிவேட்டில் எச்சரிக்கை வரும். அதைப் புறக்கணிக்கக் கூடாது. இனெட்_இன்டர்ஃபேசஸ் என்பதில் லூப்பேக்-ஒன்லி என்று எழுதினால் வழங்கி வெளியே கேட்காது. மைநெட்வொர்க்ஸ் என்பது நம்பத்தக்க முகவரிகளின் பட்டியல். அங்கு அகலமான வலையெல்லையை எழுதுவது, யாருடைய அஞ்சலையும் கடத்தித்தரும் திறந்த வழங்கியாக உங்கள் கணினியை மாற்றிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 பதிப்பிலிருந்து இதற்கெனவே எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்னும் தனிப் பட்டியல் உள்ளது. குப்பை அஞ்சல் வடிகட்டும் விதிகளைக் கலக்காமல் அதைத் தனியாகவே வைத்திருங்கள்.

வெளியே அனுப்ப மற்றொரு வழங்கியைச் சார்ந்திருந்தால், ரிலேஹோஸ்ட் என்பதில் அதன் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். அடைப்பு இல்லாவிடில் போஸ்ட்ஃபிக்ஸ் அப்பெயருக்கான எம்எக்ஸ் பதிவை (டொமைனின் அஞ்சலை ஏற்கும் வழங்கியைச் சுட்டும் பதிவை) தேடும். 587ஆம் துறை (போர்ட்) வழியாகக் கடவுச்சொல்லோடு அனுப்புவதாயின், அனுப்பும் பக்கத்துக்கான டிஎல்எஸ் (இணைப்பு மறையாக்கம்) நிலையை என்கிரிப்ட் என்று வையுங்கள்; 465ஆம் துறையாயின் ராப்பர்மோட் அளவுருவையும் இயக்க வேண்டும். கடவுச்சொல் கோப்புக்கும் அதிலிருந்து போஸ்ட்மேப் உருவாக்கும் தரவுத்தளத்துக்கும் 0600 அனுமதி (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) அவசியம். இரண்டாவதை மறப்பவர்களே மிகுதி.

மாற்றுப்பெயர்க் கோப்பை எழுதுதல்

போதுமான ஒரு தொடக்கக் கோப்பு இவ்வாறு இருக்கலாம்:

போஸ்ட்மாஸ்டர்: ரூட்
அப்யூஸ்: ரூட்
ஹோஸ்ட்மாஸ்டர்: ரூட்
வெப்மாஸ்டர்: ரூட்
ரூட்: கயல், மாறன்@எக்ஸாம்பிள்.ஆர்க்

பணிப்பெயர்கள் அனைத்தையும் ரூட்டுக்கும், ரூட்டை மனிதர்களுக்கும் திருப்பியிருப்பதைக் கவனியுங்கள். மாற்றுப்பெயர்கள் தொடர்ச்சியாக விரித்துப் பார்க்கப்படுவதால், நிர்வாகி மாறும்போது கடைசி வரி ஒன்றைத் திருத்தினால் போதும். போஸ்ட்மாஸ்டர் என்னும் பெயர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அஞ்சலைப் பெறும் அல்லது கடத்தும் ஒவ்வொரு வழங்கியும் அதை ஏற்க வேண்டும் என்று இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321 கட்டாயப்படுத்துகிறது. அப்யூஸ், ஹோஸ்ட்மாஸ்டர், வெப்மாஸ்டர், செக்யூரிட்டி முதலியவை 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2142 வகுத்த பெயர்கள்.

இடப்பக்கத்தில் டொமைன் இல்லாத பெயர் மட்டுமே வரும். வலப்பக்கத்தில் உள்ளூர்ப் பயனர், முழு முகவரி, கோப்புப் பாதை, குழாய்க்குறியோடு (|) தொடங்கும் கட்டளை, இன்குளூட் முன்னொட்டோடு கூடிய பட்டியல் கோப்பு ஆகியவற்றை இடலாம். இடைவெளியோடு தொடங்கும் வரி, முந்தைய வரியின் தொடர்ச்சியாகக் கொள்ளப்படும். வரியின் தொடக்கத்தில் உள்ள எண்குறி (#) மட்டுமே கருத்துரையைக் குறிக்கும். முகவரிக்குப் பின்னால் அதே வரியில் குறிப்பு எழுதினால் அது முகவரியின் பகுதியாகவே படிக்கப்படும். கட்டளையில் இடைவெளி இருந்தால் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாயிருக்கும்போது, போஸ்ட்ஃபிக்ஸ் அக்கட்டளையை ரூட்டின் உரிமையோடு இயக்காது. இயல்பாக நோபடி என்னும் பயனராகவே இயக்கும். கட்டளை எழுத வேண்டிய அடைவுக்கு அப்பயனருக்கு அனுமதி இல்லாததே, முனையத்தில் சரியாக ஓடும் நிரல் அஞ்சல் வழியாக ஓடாததற்குக் காரணமாக இருப்பதுண்டு.

ஒருவருக்கு வரும் அஞ்சல் அவர் பெட்டியிலும் இருக்க வேண்டும், வேறிடத்துக்கும் போக வேண்டும் என்றால், வலப்பக்கத்தில் அவர் பெயருக்கு முன் பின்சாய்கோடு இடுங்கள்; அப்பெயர் மேலும் விரிக்கப்படாது. ரூட்டைக் கயலுக்கும் கயலை ரூட்டுக்கும் திருப்பும் கோப்பு முடிவில்லாச் சுழலாகும்.

ரூட்டின் அஞ்சலை வெளி முகவரிக்கு மட்டும் அனுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளியே செல்லும் வழியே பழுதடைந்திருந்தால், அப்பழுதைத் தெரிவிக்கும் அஞ்சலும் அதே வழியில் சிக்கிக்கொள்ளும். மேலே காட்டியபடி ஓர் உள்ளூர்க் கணக்கையும் சேர்ப்பது இதற்காகவே. மேலும், வெளியாரிடமிருந்து போஸ்ட்மாஸ்டருக்கு வந்த அஞ்சலை அப்படியே மற்றொரு டொமைனுக்குத் திருப்பும்போது, உறையில் பழைய அனுப்புநரே நீடிப்பதால் அனுப்பும் கணினிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் அது தோற்கக்கூடும். ஓனர்-ரூட் என்னும் மாற்றுப்பெயரையும் வரையறுத்தால், ரூட் வழியாக விரியும் அஞ்சலின் உறை அனுப்புநராகப் போஸ்ட்ஃபிக்ஸ் அப்பெயரை இடும்.

கோப்பைச் சரியாக எழுதியும் அஞ்சல் உரியவருக்குத் திருப்பப்படாத நிலைக்கு அடிக்கடி காரணமாவது வேறொன்று. மாற்றுப்பெயர்க் கோப்பு உள்ளூர் விநியோகத்தின்போது மட்டுமே பார்க்கப்படுகிறது. மெயில்நேம் கோப்பில் எக்ஸாம்பிள்.ஆர்க் என்று இருந்து, டொமைன் இல்லாத முகவரிகளுக்கு டொமைனைத் தரும் மைஆரிஜின் அளவுரு அதையே பயன்படுத்தினால், ரூட் என்று மட்டும் எழுதப்பட்ட முகவரி ரூட்@எக்ஸாம்பிள்.ஆர்க் ஆகிவிடும். அந்த டொமைன் மைடெஸ்டினேஷன் பட்டியலில் இல்லையெனில் அஞ்சல் நேராக வெளியே போய்விடும்; மாற்றுப்பெயர்க் கோப்பை எவரும் பார்ப்பதில்லை. டொமைனுக்கான அஞ்சல் உண்மையில் வேறொரு வழங்கியில் இருக்கும்போது, அதை மைடெஸ்டினேஷனில் சேர்ப்பதும் தவறு; அவ்வாறு செய்தால் சக பணியாளர்களுக்கு எழுதும் அஞ்சல்கள் இக்கணினியிலேயே நின்றுவிடும். இத்தகைய இடத்தில் விர்ச்சுவல்_அலையஸ்_மேப்ஸ் அட்டவணையில் ரூட்டுக்கான வரியை எழுதுவதே தீர்வு; அது உள்ளே வரும் அஞ்சல் அனைத்துக்கும், இலக்கு எதுவாயினும், பொருந்தும்.

மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடுகளும் உண்டு. எக்ஸிம் உரைக்கோப்பை நேரடியாகப் படிப்பதால் அதற்கு நியூஅலையசஸ் தேவையில்லை. டெபியனின் எக்ஸிம் அமைப்பில் ரூட்டுக்கு மாற்றுப்பெயர் இல்லையெனில், அஞ்சல் /வார்/மெயில்/மெயில் என்னும் கோப்பில் சேரும். அஞ்சலை வேறொரு வழங்கிக்கு அனுப்பும் சிறு மென்பொருளான எம்எஸ்எம்டிபி தன் அமைப்புக் கோப்பில் அலையசஸ் வரியைச் சேர்த்தால் மட்டுமே இக்கோப்பைப் பார்க்கும். அதுபோன்ற நல்மெயிலர் இக்கோப்பைப் பார்ப்பதே இல்லை. அதற்கு அட்மின்அட்ர் என்னும் தனிக் கோப்பு உண்டு. போஸ்ட்ஃபிக்ஸிலும், பெர்க்லி தரவுத்தளத்தைக் கைவிட்ட வழங்கல்களில் ஹேஷ் வகைக்குப் பதிலாக எல்எம்டிபி வகை பயன்படுகிறது. போஸ்ட்கான்ஃப் -எம் எவையெவை உள்ளன என்று காட்டும்.

சோதித்துப் பார்த்தல்

நியூஅலையசஸ் இயக்கிய பின் சேவையை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. தரவுத்தளம் மாறியதைப் போஸ்ட்ஃபிக்ஸ் தானே கண்டுகொள்ளும். முதலில் போஸ்ட்ஃபிக்ஸ் செக் கட்டளையால் அனுமதிகளையும், போஸ்ட்அலையஸ் -க்யூ கட்டளையால் ரூட் என்னும் பெயருக்கான மதிப்பையும் சரிபாருங்கள். பின்சொன்னது தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்; அஞ்சல் உண்மையில் எங்கே போகும் என்பதை அறியச் சென்ட்மெயில் -பிவி ரூட் என்று கொடுங்கள். எதையும் விநியோகிக்காமல், ஒவ்வொரு முகவரிக்கும் என்ன நேரும் என்ற அறிக்கையைப் போஸ்ட்ஃபிக்ஸ் உங்களுக்கு அஞ்சலாக அனுப்பும். எக்ஸிமில் -பிடி தேர்வு அதே விவரத்தைத் திரையிலேயே காட்டும். கடைசியாக உண்மையான அஞ்சல் ஒன்றை ரூட்டுக்கு அனுப்பிப் பதிவேட்டைப் பாருங்கள். நிலை சென்ட் என்று இருப்பது மட்டும் போதாது. அதே வரியில் ரிலே என்பது லோக்கலா, வெளி வழங்கியா என்பதையும் படிக்க வேண்டும். டிஃபர்டு என்றிருந்தால் மெயில்க்யூ கட்டளை காரணத்தோடு வரிசையைக் காட்டும்.

பொதியாக்குபவரின் சோதனை இதைவிடச் சற்று நீளமானது. தூய கொள்கலனில் எக்ஸிமை நிறுவி, மாற்றுப்பெயர்க் கோப்பில் உங்கள் கையால் ஒரு வரியையும் ஒரு கருத்துரையையும் எழுதி, கோப்பின் சரிபார்ப்புத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் உங்கள் பொதியை நிறுவி, மேம்படுத்தி, நீக்கி, முற்றிலும் அழித்து, மீண்டும் நிறுவுங்கள். பியூபார்ட்ஸ் கருவி இவற்றில் பெரும்பகுதியைத் தானாகச் செய்து, எஞ்சும் கோப்புகளைச் சுட்டிக்காட்டும். ஆனால் நிர்வாகியின் வரி பிழைத்ததா என்பதை அறிய ஒவ்வொரு படிக்குப் பின்னும் சரிபார்ப்புத் தொகையை நீங்களே ஒப்பிட வேண்டும். தொகை மாறியிருந்தால், சேர்க்கப்பட்டது நீங்கள் சேர்க்க நினைத்த ஒற்றை வரிதானா என்று பார்த்துவிட்டே பொதியை வெளியிடுங்கள்.